தலைவர் படம் காயற கயிறு

இல்லண்ணே, பாஸ்போர்ட் சைஸெல்லாம் பத்தாது. பெருசா வேணும். எதுக்குங்கிறத அப்புறம் சொல்றேன், முதல்ல நீங்க எடுங்க. இப்படி உக்காந்தா சரியா? இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கமா? ஆங். தாடைய எறக்கணுமா? எறக்கினா எனக்கு ரெண்டு தாடை தெரியுமே, பரவால்லையா? பரவால்லங்கிறீங்க. உங்களுக்கென்ன, தாடை என்னோடதுதானே.

ஒண்ணு கேக்கவா? எனக்குப் பின்னாடி தொங்குதே, ஏரி வரைஞ்ச திரை, இதத் தொவைச்சு எத்தன வருஷம் ஆச்சு? ஏரித் தண்ணியே அழுக்கா இருக்கு. தப்பா எடுத்துக்காதீங்க, தொழில் புத்தி. எங்க போனாலும் கண்ணு முதல்ல கறையத்தான் பாக்கும். கழட்டிக் குடுங்க, பளிச்சுனு தொவைச்சுத் தர்றேன். காசெல்லாம் வேண்டாம். காயப் போடத்தான் இடம் இல்ல. அதான் உங்களுக்கே தெரியுமே, ஊரே சிரிச்சுச்சே.

தெரியாதா? நெஜமாவா? சுவத்துல அந்த மனுஷன் படத்த அம்மாம் பெருசா மாட்டி வச்சுக்கிட்டு தெரியாதுங்கிறீங்க. நீங்க எடுத்ததுதானே அது? அதான பாத்தேன். ஊர் முழுக்க இருக்கிறது இந்தப் படந்தான். நல்லாத்தான் எடுத்திருக்கீங்க, குத்தம் சொல்ல முடியாது. மீசை ஒவ்வொரு முடியும் தனித்தனியா தெரியுது. நமக்காக ராப்பகலா யோசிக்கிற மாதிரி ஒரு பார்வை வேற. அந்த மூஞ்சிய நான் எத்தன தடவ சோப்பு போட்டுக் கசக்கிப் பிழிஞ்சிருக்கேன் தெரியுமா?

சரி, பேசல. எடுங்க.

கண்ண மூடிட்டேனா? அது லைட்டு பளீர்னு அடிக்குது, நான் என்ன பண்ண. இன்னொரு தடவ எடுங்க. லைட்ட சரி பண்ணணுமா? பண்ணுங்க, நிதானமா பண்ணுங்க. அதுவரைக்கும் சும்மா உக்காந்திருக்க எனக்கு வராது, சொல்லிட்டே இருக்கேன்.

நாங்க மூணாவது மாடி. நான், எங்க வீட்டுக்காரரு, எங்க மாமியார், மூணு பேருதான். நான் வீட்டுலயே துணி தொவைச்சுக் குடுக்கிறேன். ஆஸ்பத்திரி நர்சுங்களோட யூனிபாரம், லாட்ஜு படுக்கை விரிப்பு, அக்கம்பக்கத்துல வேலைக்குப் போறவங்க சட்டை. எங்க ஜன்னல்லேருந்து எதுத்த வீட்டு ஜன்னலுக்கு, தெருவுக்கு மேலயே கயிறு. ரெண்டு பக்கமும் கப்பி. இந்தப் பக்கம் இழுத்தா துணி போகும், அந்தப் பக்கம் இழுத்தா வரும். எதுத்த வீட்டம்மாவும் நானும் அந்தக் கயித்துலயே ஊசி, நூலு, அரைக் கிலோ வெங்காயம், ஊர் வம்பு எல்லாம் அனுப்பிக்குவோம். எங்க தெருவுல எல்லா வீட்டுக்கும் அப்படித்தான். கீழ ஒரு அடி மண்ணு கிடையாது யாருக்கும். வானந்தான் எங்க தோட்டம்.

அப்படி இருக்கிறப்போ ஒருநாள் மைக் கட்டின வண்டி வந்து நின்னுச்சு. நகரசபைத் தலைவர் அறிவிக்கிறார்னு ஒரு குரலு. தெருவுக்கு மேல துணி தொங்குறதால ஊரோட அழகு கெடுதாம். வெளியூர்லேருந்து வர்ற பெரிய மனுஷங்க அண்ணாந்து பாத்தா நம்ம ஜட்டி தெரியுதாம். அதனால இனிமே கயித்துக்கு அடிக்கு இவ்வளவுன்னு நகர அழகு வரி. அண்ணாந்து பாக்கிறவனுக்கு வரி போடலாம்ல? போட மாட்டாங்க. காயப் போடுறவளுக்குத்தான் வரி.

இருங்க, இன்னும் இருக்கு. தெருப்பக்கம் தொங்குற கயித்துக்குத்தான் வரி. வீட்டுக்குப் பின்னாடி தோட்டம் இருந்து, அங்க தொங்கினா வரி இல்ல. தோட்டம் யாருக்கு இருக்கு? தலைவருக்கு இருக்கு. அவரு வீட்டுக்கு எதிர்ல இருக்கிற பஸ் முதலாளிக்கு இருக்கு. தோட்டம் வச்சிருக்கிறவனுக்கு வரி இல்லையாம், ஜன்னல் மட்டும் வச்சிருக்கிறவனுக்கு வரியாம். இத எந்த நியாயத்துல சேக்கிறதுன்னு நீங்களே சொல்லுங்க. நீங்க சொல்ல மாட்டீங்க. கதவையே பாத்துட்டு இருக்கீங்க. யாரும் வரலண்ணே, அது காத்து.

கடைசியா அந்தக் குரலு மூச்சு விடாம ஒண்ணு சொல்லுச்சு. தலைவர் படம் போட்ட துணி கட்டின கயித்துக்கு மட்டும் வரி விலக்குன்னு. அவரு பொறந்தநாளுக்கு கம்பத்துக்குக் கம்பம் அவரு மூஞ்சிதான் கயித்துல தொங்கிட்டு இருந்துச்சு. தன் கயித்துக்குத் தானே வரி கட்டுவாரா என்ன?

போனோமே, போகாம இருப்போமா? தெருப் பொம்பளைங்க அத்தன பேரும் போய் நின்னோம். உள்ள கூப்பிட்டு நல்லாத்தான் பேசினாரு. கஷ்டம் புரியுதும்மா, வீட்டுக்குள்ள காயப் போடுங்களேன், அதுக்கென்னன்னாரு. ஏதோ நாங்க யாரும் யோசிக்காத யோசனைய சொல்லிட்ட மாதிரி ஒரு சிரிப்பு வேற.

சரி, அதையும் பாத்துடுவோம்னு ரெண்டு வாரம் வீட்டுக்குள்ளயே காயப் போட்டேன். இருக்கிறது ஒண்ணரை ரூம். லாட்ஜு விரிப்பு தொங்குதா, வீடு முழுக்க வெள்ளை. மாமியார் எங்க இருக்காங்கன்னே தெரியாது. அத்தைன்னு கூப்பிட்டா எங்கேருந்தோ உம்னு குரல் மட்டும் வரும். வீட்டுக்காரரு கட்டில்ல குடை விரிச்சுப் படுத்திருப்பாரு, மேல நர்சுங்க யூனிபாரம் சொட்டிக்கிட்டு இருக்கும். அப்படியும் துணி காஞ்சா பரவால்ல. ஒரே முடை நாத்தம். நர்ஸம்மா ஒருத்தங்க அஞ்சு செட்டு யூனிபாரத்த அப்படியே திருப்பிக் கொண்டாந்து குடுத்துட்டாங்க. நோயாளியே மூக்கப் பொத்துறாங்கன்னாங்க. தொவைக்கிறவளுக்கு வேற என்ன இருக்கு? வெயிலும் காத்தும் ஒரு கயிறும். வெயிலுக்கும் காத்துக்கும் இன்னும் வரி போடல, கயித்தப் புடிச்சுட்டாங்க.

மறுபடியும் வெளிய கட்டினேன். வரி கட்டக் காசு இல்ல, ஆனாலும் கயித்தக் கட்டினேன். வருவாங்கன்னு தெரியும். வந்தாங்க. யாரு வந்தாங்கங்கிறீங்க? கயிறு அளக்கிற ஆபீசரு. எங்க தெருவுல அவருக்கு டேப்புன்னு பேரு. தூங்குறப்பவும் டேப்ப இடுப்புல மாட்டியிருப்பாருன்னு பேச்சு. அவரு ஜீப்புல வந்து எறங்குறாரு. ஜீப்ப ஓட்டிட்டு வந்தது எங்க வீட்டுக்காரரு.

ஆமாண்ணே. நகரசபை ஜீப்பு டிரைவர்தான் அவரு. அவரப் பத்தி உங்களுக்குத் தெரியாது. ரோட்டுல கோழி நின்னாகூட ஹாரன் அடிக்க மாட்டாரு, எறங்கிப் போய், கொஞ்சம் வழி விடுன்னு அதுகிட்ட சொல்லுவாரு. அப்படிப்பட்ட மனுஷன். டேப்பு மாடி ஏறி வந்து, எங்க ஜன்னல்லயே நின்னுக்கிட்டு, அளக்கணும், ஒரு முனையப் புடிக்க ஆள் வேணும்னாரு. யாரு இருக்கா? டிரைவர்தான். ஒரு முனைய ஆபீசர் புடிச்சாரு, இன்னொரு முனைய எதுத்த வீட்டு ஜன்னல்ல போய் நின்னு எங்க வீட்டுக்காரரு புடிச்சாரு. சொந்தப் பொண்டாட்டி கயித்த சொந்தப் புருஷனே அளந்து குடுத்தாரு. தெருவே அண்ணாந்து பாத்துட்டு நின்னுச்சு. அவரு என்னப் பாக்கவே இல்ல. டேப்போட நுனியையே பாத்துக்கிட்டு இருந்தாரு.

நான் அன்னிக்கு அவரத் திட்டல. சாப்பாடும் போட்டேன். ஆனா அவரு ரெண்டு வாய்க்கு மேல சாப்பிடல.

ஐயய்யோ, மூஞ்சி தொங்கிடுச்சா? இருங்க, நல்லதா நெனைச்சுக்கிறேன். ஆங், எங்க மாமியார நெனைச்சுக்கிறேன், சிரிப்பு தானா வரும். மத்த மருமகளுங்க மாமியார நெனைச்சா எப்படி இருக்கும்னு தெரியாது, எனக்கு சிரிப்புதான். வெவரம் இதுதான். பொறந்தநாள் முடிஞ்ச அடுத்த வாரம் பெருங்காத்து. ஒரு பேனரு பிச்சுக்கிட்டு வந்து எங்க ஜன்னல்ல விழுந்துச்சு. நல்ல கெட்டித் துணி. வீணாப் போற துணியப் பாத்தா எங்க மாமியாருக்குத் தாங்காது. கண்ணாடியும் போடாம, கேக்கவும் கேக்காம, வெட்டி, மகனுக்கு நாலு அரை டவுசர் தைச்சுட்டாங்க. உள்ள போடுறது. மூணுல எழுத்துதான் வந்துச்சு. நாலாவதுல, எப்படிச் சொல்றது, உக்காருற எடம் பூராவும் தலைவர். நீங்க எடுத்த அதே பார்வை. ரெண்டு கண்ணும் ரெண்டு பக்கம் கச்சிதமா.

சிரிங்க சிரிங்க. கேமராவப் புடிச்சுக்கிட்டு சிரிங்க, கீழ விழுந்துடப் போகுது.

நான் அத கவனிக்கவே இல்ல. மத்ததோட தொவைச்சுத் தொங்க விட்டுட்டேன். அன்னிக்குப் பாத்து வரி கட்டலன்னு கயித்த அறுக்க வந்துட்டாரு டேப்பு. கத்தரிய எடுத்து ஜன்னலுக்கு வெளிய கைய நீட்டினவரு அப்படியே நின்னுட்டாரு. காத்துல டவுசரு ஆடுது. தலைவர் முன்னாடியும் பின்னாடியும் போய் வந்துட்டு இருக்காரு. டேப்புக்கு கை அரைவாசி தூக்கிடுச்சு, வணக்கம் வைக்கவா வேண்டாமான்னு. பாக்கெட்லேருந்து சட்டத்த எடுத்து வாசிக்கிறாரு, மறுபடியும் அண்ணாந்து பாக்கிறாரு, மறுபடியும் வாசிக்கிறாரு. தலைவர் படம் போட்ட துணி கட்டின கயிறு. வரி கிடையாது. அறுக்கவும் கூடாது. எங்க வீட்டுக்காரரு பக்கத்துல நின்னு, தன் டவுசரா அதுன்னு மூஞ்சியெல்லாம் வேர்த்து நிக்கிறாரு. டேப்பு கத்தரிய மடிச்சு வச்சுட்டு எறங்கிப் போயிட்டாரு.

அப்புறம் கேக்கணுமா? சாயங்காலத்துக்குள்ள தெரு பூராவும் தெரிஞ்சு போச்சு. ஆளாளுக்கு ஒரு பேனர் துண்டத் தேடி எடுத்து கயித்துல ஓரமா கட்டிட்டாங்க. டேப்பும் லேசுப்பட்ட ஆளா? ஆபீசுக்குப் போய் கேட்டுட்டு வந்து, படம் இருக்கிற துணி எவ்வளவு நீளமோ அவ்வளவு கயித்துக்குத்தான் விலக்கு, மீதிக்கு வரி உண்டுன்னாரு. சரிய்யா, அப்படின்னா எல்லாத் துணியிலயும் படம் இருந்துட்டுப் போகட்டும்! எங்க கீழ்வீட்டுல ஒருத்தர் இருக்காரு, பனியன்ல அச்சடிக்கிறவரு. அவரு உங்க படத்தப் பாத்து ஒரு அச்சு செஞ்சு, மையத் தடவி, வாசல்ல உக்காந்துட்டாரு. வரிசை நிக்குது. துண்டு, பாவாடை, பனியன், தலகாணி உறை, தரை தொடைக்கிற துணி. ரெண்டாவது மாடியில ரெட்டைப் பிள்ளை பெத்தவ ஒருத்தி இருக்கா, அவ ஒரு கூடை நிறைய கொழந்தைத் துணியக் கொண்டாந்து கொட்டினா. பாவம், அவளுக்குத்தான் கயிறு ரொம்ப வேணும். ஒரு கொழந்தை நிறுத்தினா இன்னொண்ணு ஆரம்பிக்கும்.

உங்க படத்த அவ்வளவு பேர் பாத்தது அப்பத்தாண்ணே. நீங்க பெருமைப்படணும்.

ஆனா தொவைக்கிறது யாரு? நான்தானே. மை சரியில்ல. முதல் தடவ தொவைச்சதும் மீசை போச்சு. அடுத்த தடவ ஒரு கண்ணு. சலவை சோடா போட்டு அலசினா காதோட சேத்து கன்னமும் போயிடும். சாயம் வெளுத்துப் போச்சுன்னு சும்மா பேச்சுக்குச் சொல்லுவோம், நான் கண்ணால பாத்தேன். லாட்ஜு விரிப்பெல்லாம் லேசா நீலம். இஸ்திரி போடுறப்போ இன்னொரு தொல்லை. கட்சி ஆளு ஒருத்தன் வாசல்ல வந்து நின்னு, தலைவர் மூஞ்சி மேல சூடு வைக்கிறியான்னு கேட்டான். அப்புறம் மூஞ்சிய விட்டுட்டு சுத்தி மட்டும் போட்டுக் குடுத்தேன். துணியெல்லாம் வழவழன்னு இருக்கும், தலைவர் மட்டும் சுருங்கிக் கெடப்பாரு.

இதுல வேடிக்கை என்னன்னா, தலைவர்கிட்டப் போய் யாரோ சொல்லியிருக்கான். ஐயா, அந்தத் தெருவுல வீட்டுக்கு வீடு உங்க படம், ஜன்னலுக்கு ஜன்னல் உங்க படம், ஜனங்க உயிரையே விடுறாங்கன்னு. எந்தத் துணியிலன்னு சொல்லல. சொல்ல அவனுக்கு தைரியம் வரலையோ என்னவோ. மனுஷன் உருகிட்டாரு. அந்த அன்ப நான் நேர்ல பாக்கணும்னு கிளம்பி வந்துட்டாரு. எதுல? நகரசபை ஜீப்புல. ஓட்டினது?

அவரேதான். எங்க வீட்டுக்காரரேதான்.

மெதுவா வர்றாங்க. தலைவர் முன்சீட்டுல எழுந்து நின்னு, கண்ணாடி மேல ஒரு கைய ஊணிக்கிட்டு, இன்னொரு கைய ஆட்டுறாரு. தெருவுக்குள்ள நுழையறப்போ ரெண்டு பக்கமும் சிரிச்சாரு. அப்புறம் மேல பாத்தாரு. நானும் ஜன்னல்லேருந்து அவரு மூஞ்சியத்தான் பாத்துட்டு இருந்தேன். சிரிப்பு ஒவ்வொரு கயிறா தாண்டத் தாண்ட குறைஞ்சுக்கிட்டே வருது. துண்டுக்கு சிரிச்சாரு. பனியனுக்கும் சிரிச்சாரு. பாவாடைகிட்ட வந்தப்போ நின்னு போச்சு. தரை தொடைக்கிற துணியப் பாத்து வாயத் தொறந்தவரு மூடவே இல்ல. சத்தியமா யாரும் வேணும்னு பண்ணலண்ணே, காத்துதான். ரெட்டைப் பிள்ளைக்காரி கயித்துலேருந்து ஒரு துணி கழண்டு, ஈரத்தோட, சொத்துன்னு ஜீப்பு கண்ணாடியில வந்து ஒட்டிக்கிச்சு. படம் வெளிப்பக்கமா, ஈரத்துல உள்பக்கமும் தெரியுது. தலைவர் தலைவரையே பாத்துக்கிட்டு நிக்கிறாரு.

அது அலசின துணிதாண்ணே. என் மேல சந்தேகப்படாதீங்க.

எங்க வீட்டுக்காரரு என்ன பண்ணினாருன்னு கேளுங்க. இருபது வருஷம் வண்டி ஓட்டின கை. கண்ணாடியில ஏதாவது விழுந்தா என்ன பண்ணும்? வைப்பரப் போட்டுட்டாரு. துணி வைப்பர்ல மாட்டிக்கிச்சு. தலைவர் மூஞ்சி இந்தப் பக்கம் போகுது, அந்தப் பக்கம் போகுது, இந்தப் பக்கம், அந்தப் பக்கம். வேண்டாம் வேண்டாம்னு தலையாட்டுற மாதிரியே. பதட்டத்துல அவருக்கு அத நிறுத்தத் தெரியல. தண்ணியையும் சேத்து பீச்சி விட்டுட்டாரு. முதல்ல ஒரு கொழந்தை கெக்கேன்னு சிரிச்சுச்சு. அதுக்கப்புறம் யாரையும் புடிக்க முடியல. எங்க மாமியாருக்குத்தான் கண்ணு தெரியல, என்னடி நடக்குது, சொல்லுடின்னு என் தோளப் புடிச்சு உலுக்குறாங்க. நான் எங்க சொல்றது, எனக்கு மூச்சே வரல.

அன்னிக்கு அவ்வளவு சிரிச்சதுக்கு மறுநாளே பலன் வந்துச்சு. தலைவர் படத்த ஈரப்படுத்துறது குத்தம்னு புதுச் சட்டம். சட்டம் போட்ட அன்னிக்கு சாயங்காலமே மழை. ஊர்க் கம்பத்துல தொங்கின அத்தன தலைவரும் நனைஞ்சாரு. மழைய யாரு புடிக்கிறது? எங்களப் புடிச்சாங்க. டேப்பு வந்து எங்க தெருக் கயிறு அத்தனையும் அறுத்துட்டாரு. கப்பியக்கூட கழட்டிட்டுப் போயிட்டாரு. எதுத்த வீட்டம்மா ஜன்னல்ல நிக்கிறாங்க, நான் இந்தப் பக்கம் நிக்கிறேன், நடுவுல ஒண்ணுமே இல்ல. அவங்ககிட்ட வாங்கின வெங்காயத்தக்கூட திருப்பிக் குடுக்க முடியல. அவங்க அழுதாங்க. எனக்கும் அழுகை வந்துடுச்சு. ஒரு கயித்துக்குப் போய் அழுவாங்களான்னு நீங்க நெனைக்கலாம்.

நெனைக்கலையா? உங்க கடை வாசல்ல வெயிலுக்கு ஒரு படுதா கட்டியிருந்தீங்களே, அதக் காணோம்? ஓ, அந்தக் கயித்துக்கும் அளந்தாங்களா! அவரு படத்த உள்ள மாட்டியிருக்கீங்க, வெளிய மாட்டலைங்கிறாங்களா? நல்லா இருக்கு. படம் எடுத்த காசாவது குடுத்தாங்களா? சரி விடுங்க, உங்க மூஞ்சியே சொல்லுது.

எங்க வீட்டுக்காரர ஜீப்புலேருந்து எறக்கி குப்பை லாரியில ஏத்திட்டாங்க. ஓட்டுறதுக்குக்கூட இல்ல, பின்னாடி நின்னு அள்ளிப் போடுறதுக்கு. அவரு வைப்பர் போட்டது சதியாம். அப்புறம் கட்சியிலேருந்து நல்லவன் மாதிரி ஒருத்தன் வந்தான். அக்கா, வர்ற கூட்டத்துல மேடையேறி ஒரே ஒரு வார்த்தை மன்னிப்பு கேட்டுடு, ஜீப்பும் கிடைக்கும், உன் கயித்த மட்டும் கண்டுக்காம விட்டுடுவோம்னான். உன் கயித்த மட்டும்னு சொன்னான் பாருங்க. மத்தவங்க கயிறு?

இல்லண்ணே, நான் வீராப்பெல்லாம் பேசல. பொய் சொல்ல மாட்டேன், கேட்டுடலாம்னுதான் நெனைச்சேன். லாட்ஜுக்காரன் வேற ஆளப் பாத்துட்டான், நர்சுங்க என்ன பண்றதுன்னு தெரியாம அவங்களே தொவைச்சுக்கிறாங்க. ஒரு வார்த்தைதானே, வாயி என்ன தேஞ்சா போயிடும்? அவரு வேலை முடிஞ்சு வந்து, அந்த நாத்தத்தோட வாசல்லயே நின்னாரு, உள்ள வரக்கூட கூச்சப்பட்டுக்கிட்டு. நான் சொன்னேன், மன்னிப்பு கேட்டுடுறேங்க, உங்கள இப்படிப் பாக்க முடியலன்னு. அவரு சொன்னாரு, நீ மன்னிப்பு கேட்டா எனக்கு ஜீப்பு வரும், ஜீப்பு வந்தா டேப்பு வருவாரு, டேப்பு வந்தா நான் மறுபடியும் அந்த நுனியப் புடிக்கணும், என்னால முடியாதுடின்னாரு. குப்பை அள்ளிட்டு வீட்டுக்கு வந்தா சோறு எறங்குது, அன்னிக்கு எறங்கலன்னாரு.

கல்யாணம் ஆன நாள்லேருந்து அவரு யாருகிட்டயும் முடியாதுன்னு சொல்லி நான் கேட்டதில்ல. கோழிகிட்டகூட சொன்னதில்ல. அந்த நாத்தத்தோடயே கட்டிப் புடிச்சுக்கிட்டேன். தொவைக்கிறவதானே, ஒட்டினா அலசிக்கலாம்.

இல்ல இல்ல, கண்ணு கலங்கல, உங்க லைட்டுதான். இருங்க, முந்தானையால தொடைச்சுக்கிறேன். பவுடர் அழிஞ்சிருச்சா? இந்தக் கண்ணாடியக் கொஞ்சம் காட்டுங்க. ம், போதும். இந்த மூஞ்சிக்கு இதுக்கு மேல என்ன பண்ண.

மன்னிப்புக் கூட்டத்துக்கு ஒட்டுறதுக்கா படம்? அப்படியா நெனைச்சுட்டு இருக்கீங்க இவ்வளவு நேரமும்? அதான் அப்பலேருந்து பாவமா பாத்துட்டு இருக்கீங்களா! அட நீங்க வேற. தேர்தல் வருதுல்ல? தேர்தல் நேரத்துல பழைய விலக்கு செல்லாதுன்னு, ஊரெல்லாம் தன் படத்தக் கட்ட தலைவர் புதுசா வரி விலக்குக் கேட்டாரு. தேர்தல் நடத்த வெளியூர்லேருந்து வந்திருக்காங்களே அந்த அதிகாரியம்மா, ஒருத்தருக்கு மட்டும் குடுக்க முடியாது, நிக்கிற எல்லாருக்கும் உண்டுன்னு எழுதிட்டாங்க. தேர்தல் முடியற வரைக்கும் வேட்பாளர் படம் போட்ட எந்தத் துணியும், எந்தக் கயித்துலயும், எந்தத் தெருவுலயும் கட்டிக்கலாம். வரி இல்ல. அறுக்கிறவனுக்கு ஜெயிலு.

அதான் நான் நிக்கிறேன்.

எங்கன்னா? அவரு நிக்கிற இடத்துலதான், அவர எதுத்துத்தான். பணம் கட்டியாச்சு, தெருவே சேந்து கட்டுச்சு. முன்மொழிஞ்சது எங்க மாமியார். ஜெயிப்பேனான்னு கேக்காதீங்க, எனக்கென்ன தெரியும். ஜெயிச்சா அந்த வரிய எடுத்துடுவேன், அது நிச்சயம். அதுவரைக்கும் துணி காயணும்ல? கீழ்வீட்டுக்காரரு மை கலக்கி வச்சுட்டுக் காத்திருக்காரு, இந்தத் தடவ சாயம் போகாத மை. ரெட்டைப் பிள்ளைக்காரி, அக்கா உன் படத்த கொழந்தைத் துணியில அடிக்கலாமா, தப்பா நெனைப்பியான்னு கேட்டா. அடிச்சுக்கடி, தரை தொடைக்கிற துணியிலயும் அடிச்சுக்கன்னுட்டேன். எனக்கென்ன மானம் போகப் போகுது? அது எல்லாம் நான் இந்தக் கையால கசக்கினதுதானே.

அதனால அழகா வரணும்னு இல்லண்ணே, தெளிவா வந்தா போதும். ஏன் அந்தப் படத்தக் கழட்டுறீங்க? பயப்படாதீங்க, இருக்கட்டும், அவரும் பாக்கட்டும். கழட்டுறதா இருந்தா இந்த ஏரியக் கழட்டிக் குடுங்க, நாளைக்குக் கயிறு ஏறிடும், ஓரத்துல என் படத்தக் குத்தி, முதல் துணியா இத காயப் போடுறேன்.

சரி, வாய மூடிட்டேன். எடுங்க.